பச்சிளங்குழந்தைக்கு சிபிஜி எண் இடிக்கிறதா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒரு ராத்திரி டியூட்டியில் பதினைந்து, இருபது முறை குதிகாலில் குத்தி, அந்த ரத்தத் துளியில் சர்க்கரை பார்க்கிறோம். இதைத்தான் சிபிஜி என்கிறோம். அதில் ஒன்றிரண்டு எண்களாவது இடிக்கும். குழந்தை ஒன்று சொல்லும், மீட்டர் வேறொன்று சொல்லும். அந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது, யாரைக் கூப்பிடுவது என்று என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு சிஸ்டருக்கும் சொல்லிச் சொல்லி வந்ததை இங்கே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். வீட்டில் தாமே சர்க்கரை பார்த்துக்கொள்ளும் நோயாளிகளுக்காக எழுதப்பட்ட ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின் 2013 பதிப்பு, 100க்குக் கீழே உள்ள எண்களில் மேலே 15, கீழே 15 வரை விலகலை அனுமதிக்கிறது. அதுவும் நூற்றில் 95 முறைக்குத்தான். 180 இருக்கும் பெரியவருக்கு அந்த 15 ஒரு பொருட்டே இல்லை. நாம் முடிவெடுப்பதோ 45 என்ற கோட்டில். மீட்டர் 45 காட்டினால் உண்மை 30 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். முப்பதென்றால் அவசரம், அறுபதென்றால் பால் கொடுத்துவிட்டு அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: எண் குறைவாக வந்தால் முதலில் குழந்தையைக் கவனி, மீட்டரைப் பிறகு சந்தேகி. எண் நன்றாக இருந்து குழந்தை நன்றாக இல்லையென்றால் மீட்டரை முதலில் சந்தேகி.

மீட்டர் 45க்குக் கீழே காட்டுகிறது, அல்லது ‘லோ’ என்கிறது

‘லோ’ என்பது எர்ரர் இல்லை. பல மீட்டர்களில் 20க்குக் கீழே, சிலவற்றில் 10க்குக் கீழே போனால் அப்படி வரும். உங்கள் மீட்டரில் எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து, மீட்டரின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள்.

*குழந்தைக்கு அறிகுறி இருந்தால்:* நடுக்கம், வலிப்பு, துவண்டு கிடப்பது, மூச்சு விட்டுவிட்டு வருவது, நீலம் பாய்வது, பால் குடிக்காதது, அழுகை மாறிப்போவது. இதில் எது இருந்தாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். லேபுக்கு ஒரு சாம்பிள் எடுத்துக்கொண்டு, டாக்டர் உத்தரவுப்படி 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) கிலோவுக்கு 2 மி.லி. நரம்பில் போகட்டும். தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மி.கி. என்ற அளவில் ட்ரிப்ஸ், 30 நிமிடத்தில் மறுபடி சிபிஜி. லேப் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. சாம்பிள் வரவில்லையென்றால் அதற்காகவும் நிற்காதீர்கள். எண் ஏறிய பிறகும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் கால்சியம் குறைந்திருக்கிறதோ என்றும் நினையுங்கள்.

*அறிகுறி இல்லையென்றால்:* அடுத்த காலில், முறையாக, ஐந்து நிமிடத்துக்குள் இன்னொரு முறை பாருங்கள். பார்க்கும்போதே கீழே உள்ளவற்றை வரிசையாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

ஸ்பிரிட் காய்ந்ததா? ஈரத்தோடு குத்தினால் துளியில் ஸ்பிரிட் கலந்து எண் புரளும். அரை நிமிடமாவது விடுங்கள். அவசரமாக ஊதிக் காயவைப்பது வேண்டாம்.

கால் சில்லென்று இருக்கிறதா? பிறந்த முதல் நாள் கை கால் நீலம் பூத்துக் குளிர்ந்திருக்கும். ரத்தம் தேங்கி நிற்கும் இடத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால் அங்கே எடுத்த துளி உடம்பின் சர்க்கரையைச் சொல்லாது. வெதுவெதுப்பான துணியை மூன்று முதல் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டே சுற்றுங்கள். பிஞ்சுத் தோல் வெந்துவிடும். குழந்தையே ஷாக்கில் இருந்தால் சூடு வைத்தும் பயன் இல்லை. குதிகால் துளியை விட்டுவிட்டு நரம்பு ரத்தம் கேளுங்கள்.

பிழிந்தோமா? நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். லேன்செட் (குத்தும் ஊசி) சரியாக இறங்காது, துளி வராது, கட்டை விரலால் குதிகாலை அழுத்து அழுத்தென்று அழுத்துவோம். வருவது ரத்தம் மட்டும் இல்லை, திசு நீரும் உடைந்த செல்லும் சேர்ந்தது. துளியின் நிறத்தைப் பாருங்கள்: வெளிறி, ஓரம் கலங்கி, தோலில் பரவி ஓடினால் அது கெட்ட துளி. நல்ல துளி அடர் சிவப்பாக, உருண்டு, குத்திய இடத்திலேயே நிற்கும். காலைச் சற்றுத் தாழ்வாக வைத்து, விரலை மெல்ல இறுக்கி மெல்ல விட்டால் தானாக வரும். முதல் துளியைப் பஞ்சால் ஒற்றிவிட்டு இரண்டாவதை எடுங்கள். குத்தும் இடம் குதிகாலின் இரண்டு பக்க ஓரங்கள் மட்டும். நடுவிலும் பின் வளைவிலும் எலும்பு பக்கத்திலேயே இருக்கிறது.

‘சிஸ்டர், மறுபடியும் ஒரு குத்தா?’ என்று அம்மா கேட்பார். ‘முதல்ல வந்தது சரியான துளி இல்லம்மா, சூடு வச்சு ஒரே தடவையில எடுத்துடறேன், நீங்க பாப்பாவ மார்போட அணைச்சுக்கங்க’ என்று சொல்லி, மடியிலேயே வைத்து எடுங்கள். பாப்பாவும் குறைவாக அழும், காலும் சூடாகும்.

பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) எவ்வளவு? ரத்தம் கெட்டியாக இருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும், நீர்த்திருந்தால் கூட்டிக் காட்டும். பெரியவர்களின் ரத்தத்துக்காகச் செய்த பழைய ஸ்ட்ரிப்கள் சிலவற்றில் ஏற்கும் பிசிவி 30 முதல் 55 வரைதான். நம் குழந்தைகளில் பலருக்கு 60 சாதாரணம். இப்போது வரும் சில மீட்டர்கள் பிசிவியையும் அளந்து திருத்திக்கொள்கின்றன. உங்களுடையது எந்த ரகம் என்று ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் தேடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பிசிவி 65க்கு மேல் இருக்கும் குழந்தைக்கு உண்மையிலேயே சர்க்கரை இறங்கும். ‘பிசிவி அதிகம், அதான் குறைவா காட்டுது’ என்று எண்ணை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். அந்தக் குழந்தைக்கு லேப் சாம்பிள் கட்டாயம்.

ஆக்சிஜன் எவ்வளவு போகிறது? குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகை ஸ்ட்ரிப்பில், ரத்தத்தில் ஆக்சிஜன் மிக அதிகமானால் எண் குறையும், மிகக் குறைந்தால் எண் கூடும். தமனி ரத்தத்தை அந்த வகை ஸ்ட்ரிப்பில் வைக்கும்போது இதை நினையுங்கள்.

இரண்டாவது எண்ணும் குறைவா? அப்படியானால் அதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். லேப் சாம்பிள் போகட்டும், குடிக்கக்கூடிய குழந்தைக்கு அந்த நிமிடமே பால் கொடுங்கள்.

இன்னொன்று. பிறந்து ஒன்று, இரண்டு மணி நேரத்தில் எல்லாக் குழந்தைக்கும் சர்க்கரை கொஞ்சம் இறங்கித்தான் ஏறும். அறிகுறியோ ஆபத்துக் காரணமோ இல்லாத நிறைமாதக் குழந்தைக்கு அப்போது சிபிஜி பார்க்கவே வேண்டியதில்லை. பார்த்து வைத்து, பயந்து, தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த குழந்தைகள் உண்டு.

குழந்தை துவண்டு கிடக்கிறது, மீட்டரோ 65, 70 என்கிறது

நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். குறைந்த எண் வந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். நல்ல எண் வந்தால் சார்ட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

முதலில் உங்கள் கையுறையைப் பாருங்கள். வலி தெரியாமல் இருக்க நாக்கில் சர்க்கரைக் கரைசல் வைத்தீர்களா? டெக்ஸ்ட்ரோஸ் ஆம்பூல் உடைத்தீர்களா? அதே கையால் குதிகாலைப் பிடித்தால் போதும். கையுறையை மாற்றி, குழந்தையின் காலைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு ஸ்பிரிட் போட்டு, மறுபடி பாருங்கள். ஸ்பிரிட் மட்டும் சர்க்கரையை முழுதாக எடுக்காது.

அடுத்தது ரத்தசோகை. பிசிவி 30க்குக் கீழே இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு மீட்டர் கூட்டிக் காட்டலாம்.

அதற்கடுத்து, ஸ்ட்ரிப்பில் உள்ள என்சைம். ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற வகை ஸ்ட்ரிப்புக்கு குளுக்கோஸ், மால்டோஸ், கேலக்டோஸ் என்ற வித்தியாசம் தெரியாது. மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். கேலக்டோசீமியா (பாலிலிருந்து வரும் கேலக்டோஸை உடம்பு பயன்படுத்த முடியாத பிறவி நோய்) உள்ள குழந்தை பால் குடிக்க ஆரம்பித்த சில நாளில் வாந்தி, மஞ்சள், சோர்வு என்று வரும். உள்ளே குளுக்கோஸ் அதலபாதாளத்தில் கிடக்க, மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். தாயோடு ஆர்எச் ரத்த வகை பொருந்தாத குழந்தைக்குப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்துகள் சிலவற்றில் மால்டோஸ் இருக்கிறது. அதைப் போட்ட பிறகும் இதே கதை. உங்கள் ஸ்ட்ரிப் எந்த வகை என்று இன்றே பாருங்கள். அந்த வகையாக இருந்தால் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

*டாக்டரை எப்போது கூப்பிடுவது:* இதில் எதையும் சரிபார்க்கும் முன்பே. அறிகுறி உள்ள குழந்தைக்கு 65 என்பது நிம்மதி தரும் எண் இல்லை. லேப் சாம்பிள் எடுங்கள். ஏபிஜி மெஷினில் (ரத்த வாயுக்களை அளப்பது) குளுக்கோஸ் வருமானால் அதில் பார்ப்பது இன்னும் வேகம்.

திடீரென்று 300, 400

ஒரு மணி நேரத்துக்கு முன் 72 இருந்த குழந்தை. ட்ரிப்ஸ் வேகம் மாறவில்லை, குழந்தையும் அப்படியேதான் இருக்கிறது. எண் மட்டும் 412. ஒரு ராத்திரி எங்கள் வார்டில் இப்படி வந்தபோது ட்ரிப்ஸைக் குறைக்க எல்லோரும் தயாரானோம். காலைப் பிடித்த என் விரல் பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டது. ட்ரிப்ஸுக்காகக் கணுக்கால் நரம்பில் போட்டிருந்த கேனுலா என்ற சிறு குழாயின் இணைப்பு கசிந்து, சுற்றியிருந்த காஸ் துணி நனைந்து, குதிகால் வரை பிசுபிசுத்தது. அடுத்த காலைக் கழுவிப் பார்த்தால் 68.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மி.லி.யில் 10 கிராம். மீட்டரின் கணக்கில் அது 10,000. நூறு பங்கு ரத்தத்தில் ஒரு பங்கு கலந்தாலே எண் ஏறக்குறைய 100 கூடிவிடும். இதே கசிவு இன்னும் கொஞ்சம் சிறிதாக இருந்தால் உண்மையான 30ஐ 70 ஆகக் காட்டும். முந்தைய தலைப்பில் துவண்டு கிடந்த குழந்தைக்கும் இதைப் பாருங்கள் என்பது அதனால்தான்.

அதனால் வரிசை இது: ட்ரிப்ஸ் ஓடாத காலில், கழுவி, புதுக் கையுறையோடு மறுபடி பாருங்கள். சாம்பிள் யூவிசியிலிருந்தோ (தொப்புள் நரம்பில் போடும் குழாய்) தமனி லைனிலிருந்தோ எடுத்ததா என்று கேளுங்கள். அந்த லைனில் டெக்ஸ்ட்ரோஸ் ஓடியிருந்தால், ஓட்டத்தை நிறுத்தி, லைனில் தேங்கியிருப்பதைப் போதுமான அளவு இழுத்துவிட்டுத்தான் சாம்பிள் எடுத்தார்களா என்பதே கேள்வி. சந்தேகம் என்றால் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் எடுங்கள்.

இரண்டாவது எண்ணும் அதிகமா? சிரிஞ்ச் பம்பின் வேகம், டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சதவீதம் இரண்டையும் இன்னொரு சிஸ்டரோடு சேர்ந்து சரிபாருங்கள். 10க்குப் பதில் 25 சதவீதம் ஏறியிருந்தால் இப்படித்தான் வரும். அதுவும் சரி என்றால் உண்மையாகவே ஏறியிருக்கிறது: மிகக் குறைந்த எடை, தொற்று, ஸ்டீராய்டு, ரத்தம் மாற்றியது. ரத்தம் மாற்றிய குழந்தைக்கு ஏறிய வேகத்தில் பிறகு இறங்கவும் செய்யும், தொடர்ந்து பாருங்கள். லேப் எண் கையில் இல்லாமல் இன்சுலின் பேச்சே வேண்டாம்.

அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு எண்

48, உடனே 57. இது பழுது இல்லை. மீட்டரின் இயல்பான விலகலுக்குள்தான் இருக்கிறது. மூன்றாவது முறை குத்தி, பிடித்த எண்ணை எழுதும் பழக்கம் வேண்டாம். குறைந்த எண்ணை வைத்து முடிவெடுங்கள்.

வித்தியாசம் 20க்கு மேல் போனால் ஸ்ட்ரிப் டப்பாவைக் கையில் எடுங்கள். காலாவதித் தேதி, திறந்த தேதி. திறந்த பிறகு பெரும்பாலும் மூன்று மாதம், சில கம்பெனிகளில் ஆறு. திறந்த அன்றே மூடியில் பேனாவால் தேதி எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. டப்பா மூடியே இருக்க வேண்டும், நாலைந்து ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்து ட்ரேயில் போட்டு வைப்பது கூடாது. ஈரக்காற்று பட்ட ஸ்ட்ரிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஸ்டோரில் இருக்கும் இருப்பையும் நினையுங்கள். பல ஸ்ட்ரிப்களுக்கு 30 டிகிரிதான் மேல் எல்லை. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்த பெட்டிகள் உள்ளே ஏசியில் வந்தபின் சரியாகிவிடாது.

பிறகு கன்ட்ரோல் திரவம், அதாவது மீட்டரைச் சோதிக்க வைக்கும், சர்க்கரை அளவு தெரிந்த திரவம். பல இடங்களில் நடு அளவு திரவம் மட்டும் வாங்கி வைத்திருப்பார்கள். 110ல் சரியாகக் காட்டும் மீட்டர் 40லும் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நமக்கு வேண்டியதோ 40. குறைந்த அளவு திரவத்தைக் கேட்டு வாங்குங்கள். தினமும் ஒரு முறை, புது டப்பா திறக்கும்போது ஒரு முறை, மீட்டர் கீழே விழுந்தால் ஒரு முறை. டப்பாவில் அச்சிட்ட எல்லைக்கு வெளியே போனால் புது டப்பாவில் பாருங்கள். அதிலும் போனால் மீட்டரை ஒதுக்கிவிட்டு பயோமெடிக்கல் ஆளைக் கூப்பிடுங்கள்.

மீட்டரும் லேபும் ஒத்துப்போகவில்லை

மீட்டர் 52, லேப் 31. எல்லோரும் மீட்டரைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் கேட்பது ‘சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு லேபில் ஓட்டியது?’ என்றுதான்.

குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் அணுக்கள் அதிகம் என்பதால் மணிக்கு 14 முதல் 18 வரை குறையலாம். ஒன்றரை மணி நேரம் வார்டு மேஜையில் கிடந்த சாம்பிளில் 52 எப்படி 31 ஆகும் என்பது இப்போது புரியும். நாங்கள் அன்று ஆளனுப்ப முடியாமல் மூன்று சாம்பிளைச் சேர்த்து அனுப்பியிருந்தோம். லேப் எண்தான் உண்மை என்று நம்பி டெக்ஸ்ட்ரோஸ் ஏறியது. அந்தக் குழந்தைக்குத் தேவைப்படாத ஒரு கேனுலா, தாயிடமிருந்து ஒரு நாள் பிரிவு.

சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளூரைடு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது முழுதாக வேலை செய்ய ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும். முதல் மணி நேரத்து இறக்கத்தை அது தடுப்பதில்லை. குழாயை மெல்லப் பத்து முறை கவிழ்த்துக் கலக்கி, ஐஸில் வைத்து, அரை மணிக்குள் லேபில் அணுக்களைப் பிரித்தெடுக்கச் செய்யுங்கள். எடுத்த நேரத்தைக் குழாயிலும் ரிக்வெஸ்டிலும் எழுதுங்கள். லேபுக்குப் போன் போட்டு ‘என்ஐசியு குளுக்கோஸ் வருது, உடனே போடுங்க’ என்று சொல்லுங்கள். நேரம் எழுதாத லேப் எண்ணை வைத்து மீட்டரைக் குற்றம் சொல்வதில் நியாயம் இல்லை.

நேரம் சரி, வித்தியாசம் 15க்குள்: சாதாரணம்.

நேரம் சரி, லேப் எப்போதும் ஒரே பக்கம் 10, 15 சதவீதம் விலகியே வருகிறது: உங்கள் மீட்டர் முழு ரத்தக் கணக்கில் காட்டுகிறதா, பிளாஸ்மா (அணுக்கள் நீக்கிய ரத்த நீர்) கணக்கிலா என்று பாருங்கள். முழு ரத்தத்தின் எண் பிளாஸ்மாவைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாக இருக்கும். லேப் தருவது பிளாஸ்மா. இப்போது விற்கும் மீட்டர்கள் அனேகமாக பிளாஸ்மாவுக்கு மாற்றித்தான் காட்டுகின்றன. பழைய மீட்டர் ஒன்று அலமாரியில் கலந்திருந்தால் வார்டில் இரண்டு கணக்கு ஓடும்.

நேரம் சரி, வித்தியாசம் 20க்கு மேல், ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தையில்: அந்த மீட்டரை நிறுத்துங்கள். லேப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, ஒரே துளையில் ஒரே நேரத்தில் எடுத்த ஜோடி சாம்பிள்களை ஒரு நோட்டில் எழுதி ஒப்பிடுங்கள். லேபுக்கு எப்படியும் சாம்பிள் போகும்போது அந்த ரத்தத்திலேயே ஒரு துளியை மீட்டரிலும் வைத்தால் போதும், குழந்தைக்குக் கூடுதல் குத்து இல்லை.

எண் வராமல் எர்ரர்

துளி போதவில்லை என்பதே பெரும்பாலும். ஸ்ட்ரிப்பின் நுனி துளியைத் தொட்டுத் தானாக உறிஞ்ச வேண்டும், மேலே தடவக் கூடாது. பாதியில் நின்றதென்று அதே ஸ்ட்ரிப்பில் இரண்டாம் துளி சேர்ப்பதும் வேண்டாம்.

மீட்டரை வார்மர் (மேலிருந்து சூடு தரும்) படுக்கையில் வைத்திருந்தீர்களா? பலவற்றுக்கு 40 டிகிரிதான் எல்லை, மேலிருந்து விழும் சூட்டில் கறுப்பு மீட்டர் சீக்கிரம் கொதிக்கும். வெளியே எடுத்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அடுத்து பேட்டரி. கோட் எண் போடும் மாடலாக இருந்தால் டப்பாவின் கோட் எண்ணும் திரையின் கோட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். குழந்தைக்குக் குழந்தை மீட்டரைத் துடைக்க வேண்டும்தான், ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த பஞ்சால் துடைத்து ஸ்ட்ரிப் துளைக்குள் திரவம் இறங்கினால் மீட்டர் போய்விடும்.

எர்ரரைத் தீர்ப்பதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். பக்கத்து வார்டு மீட்டரை வாங்கிப் பாருங்கள்.

திரையில் 2.6, 3.1 என்று புள்ளி வைத்து வருகிறது

மீட்டர் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற வேறு அலகில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த மீட்டர்களில் இது நடக்கும். 18ஆல் பெருக்குங்கள்: 2.6 என்றால் 47, 3.1 என்றால் 56. பெருக்கிப் பெருக்கி வார்டை ஓட்ட முடியாது. அலகை மாற்ற முடியாத மாடல் என்றால் அந்த மீட்டரை வார்டில் வைக்காதீர்கள்.

எல்லாம் சரி, எண்ணும் உண்மைதான், மறுபடி மறுபடி இறங்குகிறது

இங்கே மீட்டரின் வேலை முடிந்தது. இது குழந்தையின் பிரச்சினை. ட்ரிப்ஸ் உண்மையில் உள்ளே போகிறதா, கேனுலா வீங்கவில்லையா, உடம்பு குளிர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பிறகு டாக்டர் கணக்கிடும் குளுக்கோஸ் அளவைக் கவனியுங்கள். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 8, 10 மி.கி. என்று ஏறிக்கொண்டே போனால் இன்சுலின் அதிகம் சுரக்கிறதோ என்ற சந்தேகம் வர வேண்டும். 12ஐத் தாண்டியும் நிற்கவில்லையென்றால் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அந்த நிபுணருக்கு இன்சுலின், கார்டிசால், கீட்டோன் எல்லாம் வேண்டும், அதுவும் சர்க்கரை இறங்கியிருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில். ஏறிய பிறகு எடுத்தால் பயன் குறைவு. எனவே இப்படி இறங்கும் குழந்தையின் படுக்கையருகே, பெயர் ஒட்டிய குழாய்களைத் தயாராக ஒரு கவரில் போட்டு வையுங்கள். எண் இறங்கிய நொடியில் சாம்பிளும் டெக்ஸ்ட்ரோஸும் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும், குழாய் தேடி ஓட நேரம் இருக்காது. அனுப்பும் கடிதத்தில் மீட்டர் எண், லேப் எண், ஒவ்வொன்றும் எடுத்த நேரம், அப்போது ஓடிய ட்ரிப்ஸ் வேகம், கடைசியாகக் கொடுத்த பால் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.